கடலுக்கும் ஓர் ஓய்வுநாள்

நிலத்திற்கு வேலி இடலாம். கடலுக்கு யார் வேலி இடுவார்? இப்படிக் கேட்போர் நம்மில் பலர். ஆயினும் நம் தென்கடலில் அப்படி ஒரு வேலி உண்டு. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே, மன்னார் வளைகுடாவில் வரிசையாக அமைந்த தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் 1986-ஆம் ஆண்டில் அரசு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. அதன் பரப்பு 560 சதுர கிலோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத இந்த வேலி சட்டத்தால் ஆனது.

காட்டில் வேலி இட்டால், வேலிக்கு உள்ளே மரமும் விலங்கும் இருக்கும். வெளியே மனிதர் இருப்பர் என்று எண்ணிவிடுகிறோம். கடலில் அவ்வாறு பிரித்துப் பார்க்க இயலாது. வேலிக்கு உள்ளேதான் தலைமுறை தலைமுறையாக வலை விரிக்கப்பட்டது, சங்கு குளிக்கப்பட்டது, பாசி பறிக்கப்பட்டது. ஆகவே கடலைக் காக்க வேண்டும் என்றபோது, கடலால் பிழைக்கும் குடும்பங்களை யார் காப்பது என்னும் கேள்வியும் உடன் எழுந்தது. இரண்டையும் ஒருசேரக் காக்க முடியுமா? கடந்த நாற்பது ஆண்டுகளாக மன்னார் வளைகுடா இதற்கு விடை தேடி வருகிறது. அந்த விடையில் நம் இல்லங்கள் ஒவ்வொன்றிற்கும் ஒரு பாடம் உண்டு என்பதனாலேயே இதனை எழுதுகிறோம்.

தீவுகளும் பவளப் பார்களும்

மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாக 21 தீவுகள் இருந்தன. இன்று எஞ்சியிருப்பவை 19. தூத்துக்குடி அருகே இருந்த விலங்குசல்லியும், கீழக்கரை அருகே இருந்த பூவரசன்பட்டியும் நீருக்குள் மூழ்கிவிட்டன. குருசடை, மனோலி, முசல், அப்பா, நல்லதண்ணி, வான், காசுவாரி என்பன எஞ்சியவற்றுள் சில. மண்டபத் தொகுதியைச் சேர்ந்த குருசடைத் தீவின் பெயர், நம் கத்தோலிக்கக் கடற்கரை மக்களின் செவிக்குக் 'குருசடி' என்றே ஒலிக்கும். இத்தீவுகளில் மக்கள் குடியிருப்பு இல்லை.

தீவுகளைச் சுற்றியுள்ள பவளப் பாறைகளைப் பரதவர் 'பார்' என்பர். பார்ப்பதற்குக் கல்; உண்மையில் அது உயிர். கடுகளவும் மிளகளவுமான எண்ணற்ற சிற்றுயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டி வாழ்ந்து, தம்மைச் சுற்றிச் சுண்ணாம்பைச் சுரந்து கட்டிய மாளிகையே பவளப் பார். ஒரு பார் உருவாக நூற்றாண்டுகள் ஆகும். மன்னார் வளைகுடாவில் நூற்றுக்கும் மேற்பட்ட பவள வகைகள் இருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டறிந்துள்ளனர். மீன்குஞ்சுகள் ஒளிந்து வளர்வதும், சிங்கிறால் பதுங்குவதும் இங்கேதான். கரையில் நாம் வாங்கும் மீனில் பெரும்பங்கு, ஏதோ ஒரு பாரின் மறைவிலோ கடற்புல் படுகையிலோ தொட்டில் கண்டதுதான். தொட்டில் உடைந்தால் பிள்ளை எங்கே வளரும்?

முத்துக் கடல் தந்த பாடம்

இக்கடலுக்கும் நம் மக்களுக்கும் உள்ள உறவு பழமையானது. 1535-க்குப் பின் வந்த ஓரிரு ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவர் ஞானஸ்நானம் பெற்றனர். 1542-இல் புனித சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். அவர் கால்பட்ட ஊர்களின் செல்வம் முத்து. உலகெங்கும் புகழ் பெற்ற முத்து, இந்தப் பார்களின் சிப்பிகளில்தான் விளைந்தது.

முத்துக்குளிப்பைப் பற்றி நாம் மறந்துவிட்ட ஒரு செய்தி உண்டு. அது ஆண்டுதோறும் நடந்ததில்லை. முதலில் பார்களைச் சோதிப்பார்கள். சிப்பிகள் முதிர்ந்திருக்கின்றனவா, குளிப்பு நடத்துமளவுக்கு எண்ணிக்கை உண்டா என்று பார்ப்பார்கள். இல்லையெனில் அந்த ஆண்டு குளிப்பு இல்லை. சில வேளைகளில் பல ஆண்டுகள் தொடர்ந்து காத்திருந்ததும் உண்டு. இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும், நம் கரையில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அதன்பின் சிப்பி போதிய அளவில் பெருகவே இல்லை. முத்துக்குளித்துறை என்ற பெயர் மட்டும் நிலைத்தது, முத்து போய்விட்டது.

கடல் வற்றாத செல்வம் என்பது பழைய எண்ணம். கடலும் வெறுமையாகக் கூடும் என்பதற்கு நம் கரையே சாட்சி.

வேலியும் வயிறும்

முத்து ஓய்ந்தபின் பவளத்தின்மேல் கை விழுந்தது. தூத்துக்குடிப் பக்கத்துத் தீவுகளைச் சுற்றி, கடப்பாரை கொண்டு பவளத்தைப் பெயர்த்துப் படகு படகாகக் கரைக்குக் கொணர்ந்தனர். வீட்டுச் சுவருக்குக் கல்லாகவும், சூளையில் வெந்து சுண்ணாம்பாகவும், தொழிற்சாலைக்கு மூலப்பொருளாகவும் அது பயன்பட்டது. பெயர்த்தவர்கள் கொடியவர்கள் அல்லர். அன்றாடக் கூலிக்கு உழைத்த ஏழைகளே. ஆனால் நூற்றாண்டுகளாக வளர்ந்த பார் சில பத்தாண்டுகளில் மறைந்தது. பார் இருந்தவரை அலையின் வேகம் அதன்மேல் மோதித் தணிந்தது. அது போனபின் அலை நேரே தீவின் மணலில் மோதியது. தீவு கரையத் தொடங்கியது.

2001-இல் பவளம் முழுவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தது; பெயர்ப்பதும் விற்பதும் குற்றமாயின. அதே ஆண்டில் கடல் அட்டை, கடற்குதிரை ஆகியவற்றைப் பிடிப்பதும் தடைசெய்யப்பட்டது. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தது. நாகை, கன்னியாகுமரிக் கரைகள் கதறிய அந்நாளில் மன்னார் வளைகுடாக் கரையில் சேதம் குறைவு. இலங்கைத் தீவின் மறைவு அதற்கு ஒரு காரணம். பவளப் பார்களும் தீவு வரிசையும் துணை நின்றன என்பதும் மக்கள் மனத்தில் பதிந்தது. அதையொட்டி, ஏறத்தாழ 2005-இல், பவளம் பெயர்க்கும் தொழில் அடங்கியது.

சட்டம் வந்தது நன்றே. ஆனால் சட்டம் வயிற்றை நிரப்பாது அல்லவா? அட்டை குளித்துப் பிழைத்தவர் ஒரே நாளில் குற்றவாளி ஆனார். புயலுக்கு ஒதுங்கவும், வலை உலர்த்தவும் தந்தையர் காலத்திலிருந்து தீவில் இறங்கியவர்கள், இனி அங்கே கால் வைக்கக்கூடாது என்று அறிந்தனர். எல்லை எங்கே தொடங்குகிறது என்பதே பலருக்குத் தெரியவில்லை. எங்களைக் கேளாமல் எங்கள் கடலில் கோடு போட்டார்கள் என்னும் மனக்குறை கரையெங்கும் எழுந்தது. மனக்குறை உள்ள இடத்தில் சட்டத்திற்குக் கண்ணை மறைப்பதும் எளிதாகிவிடும். கடல் அட்டைக் கடத்தல் வழக்குகளைப் பற்றிச் செய்தித்தாள்களில் இன்றும் படிக்கிறோம். காவலால் மட்டும் கடலைக் காக்க முடியவில்லை என்பதற்கு அதுவே சான்று.

பாசி எடுக்கும் பெண்கள்

இந்த இழுபறியில் மிகவும் துன்புற்றவர்கள் பாசி எடுக்கும் பெண்கள். பாம்பன், மண்டபம், ஏர்வாடிப் பகுதிகளில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இதுவே தொழில். விடியுமுன் சமையலை முடித்து, படகேறித் தீவுப் பக்கம் செல்வர். கண்ணில் நீர்க்கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் வலைப்பை. இவ்வளவே கருவி. மூச்சடக்கி மூழ்கி, பாறையில் வளர்ந்த மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப் பாசியையும் கட்டக்கோரையையும் பறித்து மேலே வருவர். பார் கீறி கால் கிழியும். சொறிமீன் பட்டு உடல் தடிக்கும். இப்பாசியிலிருந்து எடுக்கப்படும் அகர், ஐஸ்கிரீமிலும் மருந்திலும் ஆய்வுக்கூடத்திலும் பயன்படுகிறது. மதுரை வட்டாரத்து அகர் ஆலைகளுக்கு மூலப்பொருள் இவர்களுடைய மூச்சிலிருந்து போகிறது எனலாம்.

பாசி விளையும் இடமோ பெரும்பாலும் தேசியப் பூங்காவின் எல்லைக்குள். காவல் இறுகியபோது படகுகள் பிடிபட்டன; பாசி பறிமுதலாயிற்று; அபராதம் விழுந்தது. கணவனை இழந்தவளும், குடிகாரக் கணவனின் மனைவியும், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்கு இத்தொழிலையே நம்பியவளும் செய்வதறியாது நின்றனர்.

அப்போது அவர்கள் செய்தது நம் சிந்தனைக்குரியது. கூச்சலிட்டு ஓய்ந்துவிடவில்லை, ஒளிந்து போவதையே வழியாகக் கொள்ளவும் இல்லை. ஊர் ஊராகச் சங்கம் சேர்ந்தனர்; தங்களுக்குத் தாங்களே விதி வகுத்தனர். மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது என்பது முதல் விதி. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். அந்நாட்களில் நீர் நன்கு வற்றும், பாசி எட்டும். மற்ற நாட்களில் பாசி வளரட்டும் என்று விட்டுவிடுவது. பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவிகளைக் கைவிட்டுக் கையால் மட்டுமே பறிப்பது, பவளத்தைத் தொடாதிருப்பது, கோடையில் மீன்பிடித் தடைக் காலத்தையொட்டி 45 நாள் முழுவதும் நிறுத்துவது. இவையும் அவர்கள் ஏற்ற கட்டுப்பாடுகளே.

அந்த நாட்களில் அவர்களுக்குக் கூலி இல்லை. ஓய்வின் விலை அவர்களுடைய அடுப்பில்தான் தெரியும். இருப்பினும் ஏற்றனர். இவ்விதிகளைக் கையில் ஏந்திக்கொண்டுதான் அதிகாரிகளிடம் சென்று பேசினர். நாங்கள் கடலின் பகைவர் அல்லர், கடலை அறிந்தவர்கள் என்று சொல்ல அவர்களுக்கு அதனால் உரிமை பிறந்தது. பாம்பன் தீவிலுள்ள சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி என்னும் பெண்மணி இம்முயற்சியில் முன்நின்றவர். சிறுவயதிலேயே கடலில் இறங்கிய அவருக்கு, தீவுகளின் இயற்கையைக் காப்போருக்கு அமெரிக்காவில் ஆண்டுதோறும் வழங்கப்படும் 'சீகாலஜி' விருது 2015-இல் அளிக்கப்பட்டது. பரிசுத் தொகை 10,000 டாலர். பாசி எடுத்துப் பிழைக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணைக் கடல் காப்பவர் என்று உலகம் ஒப்புக்கொண்டது.

வழக்கு முற்றும் தீர்ந்தது என்று கூறுவதற்கில்லை. பூங்காவிற்குள் அவர்களது உரிமை சட்டப்படி இன்னும் உறுதிபெறவில்லை. ஆனால் கோடு போட்டவரும் கோட்டுக்குள் அகப்பட்டவரும் ஒரே பாயில் அமர்ந்து பேசலாம் என்பதை இப்பெண்கள் காட்டிவிட்டனர்.

ஊர்க் குழுக்கள்

அரசும் காலப்போக்கில் இதை உணர்ந்தது எனலாம். தேசியப் பூங்காவைச் சுற்றிய 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2001-இல் யுனெஸ்கோ நிறுவனம் அதைத் தன் உலகப் பட்டியலில் சேர்த்தது. நடுவே பூங்கா, சுற்றிலும் மக்கள் வாழ்ந்து தொழில் செய்யும் பகுதி, இரண்டும் ஒன்றையொன்று தாங்க வேண்டும். உயிர்க்கோளக் காப்பகத்தின் கருத்து இதுவே. இதற்காக 2000-இல் அமைந்த அறக்கட்டளை, பன்னாட்டு உதவியுடன் இருநூறுக்கும் மேற்பட்ட கடலோர ஊர்களில் குழுக்களை அமைத்தது. கடல்வளம் காக்கும் பொறுப்பும், சிறுகடன் வழங்கி மாற்றுத் தொழிலுக்கு உதவும் பணியும் அக்குழுக்களிடம் தரப்பட்டன. கடன் வாங்கியவர் ஆடு வளர்த்தார்; சிறு கடை வைத்தார்; தையல் கற்றார். வட்டிக்காரரிடம் படகையும் வலையையும் அடகு வைத்தே பழகிய ஊர்களில் இது சிறு மாற்றம் அன்று.

எல்லா முயற்சியும் கேடின்றி முடிந்துவிடும் என்பதில்லை. மண்டபம் பக்கத்தில் மூங்கில் மிதவைகளில் அயல்நாட்டுப் பாசி ஒன்றை வளர்க்கும் தொழில் பரவியது. கப்பாஃபைக்கஸ் என்பது அதன் பெயர். மகளிர் குழுக்களுக்கு நல்ல வருவாய் கிடைத்தது. ஆனால் 2008-இல் ஆராய்ச்சியாளர் குருசடைத் தீவின் பவளங்கள்மேல் அப்பாசி போர்த்திப் படர்ந்திருப்பதைக் கண்டனர். மூச்சுமுட்டிப் பவளம் மடிந்தது. வனத்துறையினர் கையால் அதை அகற்ற வேண்டியதாயிற்று. பின்னர், 2013-க்குப் பிறகு, நீரின் வெப்பம் மிகுந்து மிதவைகளிலேயே அப்பாசி பெருமளவில் அழுகி, வளர்த்த பெண்களும் நட்டப்பட்டனர். ஏழைக்கு உதவுகிறோம் என்று தொடங்கும் திட்டமும், அந்த இடத்தின் இயல்பை அறியாமல் தொடங்கினால் ஏழைக்கும் இயற்கைக்கும் ஒருசேரத் தீங்காய் முடியக்கூடும். நற்பணி செய்ய விரும்பும் நம் சங்கங்களும் இதை மனத்தில் கொள்வது நன்று.

பாம்பன் பாலத்திற்கு வடக்கே, பாக் விரிகுடாவில், வேறொரு நல்ல செய்தி. கடற்பசு என்றும் ஆவுளியா என்றும் அழைக்கப்படும் விலங்கு அங்கே கடற்புல்லை மேய்ந்து வாழ்கிறது. குட்டியை மார்போடு அணைத்துப் பாலூட்டும் சாதுவான உயிர். பல ஆண்டுகளுக்கு ஒரு முறையே குட்டி ஈனும். இந்தியக் கடல்களில் எஞ்சியிருப்பவை சில நூறே. ஒரு காலத்தில் அதன் இறைச்சியை உண்டனர். 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதலாவது. வலையில் அகப்பட்ட கடற்பசுவை, தம் வலையை அறுத்தேனும் கடலில் விட்ட மீனவர்கள் அங்கே உண்டு. அவர்களுக்குப் பாராட்டும் பரிசும் தரப்படுகின்றன. வலை ஒரு மீனவனின் முதலீடு. அதை அறுக்கத் துணிவது எளிதா?

கரைக்கு அப்பாலிருந்து வரும் ஆபத்து

கடற்கரை மக்கள் எவ்வளவு கட்டுப்பாடாய் இருந்தாலும் அவர்களால் தடுக்க முடியாத ஆபத்து ஒன்றுண்டு. கடல் வெப்பமடைகிறது. கோடையில் நீரின் சூடு அளவு கடந்தால் பவளம் தன் நிறத்தை இழந்து வெளுத்துவிடும். சூடு நீடித்தால் மடிந்துவிடும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இது கடுமையாக நேர்ந்தது. 2016-இல் மட்டும் உயிருள்ள பவளத்தின் பரப்பு ஏறக்குறைய 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகக் குறைந்தது.

தீவுகளும் கரைகின்றன. தூத்துக்குடி அருகேயுள்ள காரைச்சல்லித் தீவு 1969-இல் ஏறத்தாழ 21 எக்டேர் பரப்புடையதாய் இருந்தது. இன்று அதில் பெரும்பகுதி இல்லை. அருகிலுள்ள வான் தீவும் மறைந்துவிடும் நிலைக்கு வந்தபோது, 2015 முதல் அதன் முன்னே கடலடியில் கான்கிரீட்டால் ஆன செயற்கைப் பார்களை வரிசையாக இறக்கினர். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் இப்பணிக்குத் துணை நின்றனர். அலை தணிந்தது, மணல் மீண்டும் சேர்ந்தது, செயற்கைப் பார்களில் மீன்கள் குடியேறின. அதே முறையில் காரைச்சல்லியை மீட்கும் திட்டமும் வகுக்கப்பட்டுள்ளது. பெயர்த்தெடுத்த பவளத்திற்கு ஈடாக நாம் இன்று கடலில் கான்கிரீட்டை இறக்குகிறோம். அன்று விற்ற விலை என்ன, இன்று மீட்கும் விலை என்ன என்று ஒப்பிட்டுப் பார்த்தால் நெஞ்சு கனக்கும்.

நம் குடும்பங்கள் செய்யக்கூடியவை

இவற்றையெல்லாம் படிக்கும் உள்நாட்டுப் பங்குகளின் குடும்பத்தார், இது கடற்கரையாரின் காரியம் என்று ஏட்டை மூடிவிடலாகாது. சுருக்குமடி வலையில் சிக்கிய விரல்நீளக் குஞ்சு மீனைக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதென்று வாங்குவது நாமே. சுற்றுலா சென்ற இடத்தில் பவளத் துண்டையும் காய்ந்த கடற்குதிரையையும் காட்சிப் பொருளாக வாங்குவதும் நாமே. அது குற்றம் என்பதைக்கூடப் பலர் அறியார். திருவிழாவிலும் திருமண வீட்டிலும் நாம் எறியும் பிளாஸ்டிக் தாள், ஓடை வழியே ஆறு சேர்ந்து, ஆற்று வழியே கடல் சேர்ந்து, பவளத்தின்மேல் போர்வையாய் விழுகிறது. வாங்குவதையும் எறிவதையும் மாற்றிக்கொள்ள எந்தச் சட்டமும் தேவையில்லை. தாயும் தந்தையும் தீர்மானித்தால் போதும்.

கடற்கரைக் குடும்பங்களுக்கு நாம் சொல்லித் தரவேண்டியது அதிகம் இல்லை. அவர்களிடமிருந்து கற்க வேண்டியதே அதிகம். பல கத்தோலிக்கக் கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை எவரும் தொழிலுக்குப் போவதில்லை. எவ்வளவு மீன்பாடு இருந்தாலும் அன்று மரம் கரையிலேயே கிடக்கும். ஆண்டவரின் நாளை மதிக்க ஏற்ற வழக்கம் அது. ஆயினும் அந்த ஒரு நாள் மீனுக்கும் ஓய்வுநாளாகிவிடுகிறது. ஏழாம் ஆண்டில் நிலத்தை உழாமல் விட்டுவிட வேண்டும் என்னும் பழைய ஏற்பாட்டுச் சட்டத்திலும் இதே கருத்து அடங்கியிருப்பதைக் காணலாம். படைப்பு நம்முடையது அன்று, நமக்கு ஒப்படைக்கப்பட்டது. ஆகவே எடுக்க முடிந்ததையெல்லாம் எடுக்க உரிமை இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் 61 நாள் தடையையும் தண்டனையாகக் கருதாமல், கடலின் ஓய்வுக்காலமாக நம் பிள்ளைகளுக்கு விளக்க முடியுமானால் எவ்வளவு நன்று!

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' என்னும் சுற்றுமடல், இயற்கையைப் பேணுவதையும் ஏழையைப் பேணுவதையும் ஒரே கடமையாக நம்முன் வைத்தது. அது ஏட்டில் கிடக்கும் போதனை என்று எண்ணுவோர், மன்னார் வளைகுடாவைப் பார்க்கலாம். ஏழையைத் தள்ளிவைத்துப் போட்ட வேலி நிற்கவில்லை. ஏழையின் கையே ஊன்றிய வேலி நிற்கிறது.

மாதத்தில் 18 நாள் கடலைத் தொடாமல் கரையில் காத்திருக்கும் அந்தப் பெண்களிடம் மிகுதியாய்ச் செல்வம் ஏதும் இல்லை. இருந்தும் நாளைக்கென்று மிச்சம் வைக்கிறார்கள். அவர்களைவிட அதிகம் பெற்ற நாம், நம் பிள்ளைகளுக்கென்று எதை மிச்சம் வைக்கப் போகிறோம்? இந்த மாதம் குடும்ப செபத்திற்குப்பின், பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொண்டு, இதைப்பற்றிச் சற்று நேரம் பேசுங்கள்.